பழுதும் பழுது பார்த்தலும்: ஒரு மரத்திலிருந்து தொடங்கிய பெருங்குடல் புற்றுநோய் வரலாறு

(நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் தொடரலாம்.)

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் உயிர்வேதியியல் துறைகளில் பெருங்குடல் புற்றுநோய் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகளைப் புரட்டுவோருக்கு இரண்டு வாக்கியங்கள் பழகிப்போயிருக்கும். எலிகளுக்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் டைமெத்தில்ஹைட்ரசின் வாரம் ஒருமுறை தோலடியில் செலுத்தப்பட்டது என்பது ஒன்று. செல்வரிசைகள் புணேயிலுள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து பெறப்பட்டன என்பது மற்றொன்று. நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் வைப்பது போல இவை இடம்பெறுகின்றன. காப்புச் செய்யுளை யாரும் நின்று படிப்பதில்லை.

நான் ஆய்வகத்தில் பணிபுரிபவர் மரபைச் சேர்ந்தவன் அல்லேன். மொழியியலில் முதுகலை முடித்தபின், உயிரியல் கலைச்சொற்கள் தமிழில் உருவான வரலாற்றைப் புணேயிலிருந்து ஆராய்ந்து வருகிறேன். 'டி.என்.ஏ. ரிப்பேர்' என்பதற்குத் தமிழில் வழங்கும் சொற்களைத் திரட்டும்போதுதான் மேற்சொன்ன முதல் வாக்கியத்தில் நின்றேன். ஏன் இந்த வேதிப்பொருள்? ஒரு எலியின் உடலில் எங்கு ஊசி போட்டாலும் பெருங்குடலில் போய்க் கட்டி எழுப்பும் இந்த விந்தைப் பொருளை யார், எதைத் தேடும்போது கண்டார்கள்? விடையைத் தேடிப் பின்னோக்கிப் போனால் அது ஒரு மரத்தில் போய் நிற்கிறது. அந்த மரம் நம்முடையது. அல்லது, நம் மரத்தின் பெயரைத் தாங்கிய வேறொரு மரம்.

கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலின் மூன்றாம் தொகுதி 1682இல் வெளியாயிற்று. அதில் பல படங்களுடன் 'தொட்ட பன்ன' என்னும் மரம் விவரிக்கப்படுகிறது. இட்டி அச்சுதன் முதலிய உள்ளூர் வைத்தியர்களின் அறிவே அந்நூலின் அடித்தளம் என்பது நாம் அறிந்ததுதான். 'பன்ன' என்பதில் நம் பனை தெரிகிறது. ஆனால் அது பனை அன்று. பனைபோல் தோற்றம் காட்டும், பூவாத, மிகத் தொன்மையான விதைத்தாவர இனம். 1753இல் லின்னேயஸ் அதற்கு சைக்கஸ் சர்சினாலிஸ் என்று பெயரிட்டபோது ரீடின் படங்களையே சான்றாகக் கொண்டார். தமிழ்நாட்டு நாட்டுமருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கப்படுவது இம்மரத்தின் ஆண் கூம்பின் செதில்தான். மலையாளத்தில் மரத்தின் பெயர் ஈந்து. தமிழில் ஈந்தும் ஈச்சையும் பேரீச்சையின் உறவுமரங்களைக் குறிக்க, மலையாளத்தில் அதே சொல் இந்த மரத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஓலையின் அமைப்பைப் பார்த்துப் பெயரிட்டவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

மலபாரில் ஈந்தின் விதையை மாவாக்கி உண்ணும் வழக்கம் உண்டு. ஆனால் அப்படியே உண்ணமாட்டார்கள். விதையைப் பிளந்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, மீண்டும் புது நீர் ஊற்றி, பலமுறை இவ்வாறு செய்த பிறகே இடித்து மாவாக்குவார்கள். சைக்கஸ் மரங்கள் வளரும் வேறு பல நிலங்களிலும் இதையொத்த முறைகள் இருந்தன. பசிபிக் பெருங்கடலிலுள்ள குவாம் தீவின் சமோரோ மக்கள் தங்கள் சைக்கஸ் விதையை 'ஃபடாங்' என்பார்கள். அவர்களும் நாள்கணக்கில் ஊறவைத்தார்கள். நஞ்சு உண்டு, அது நீரில் கரையும், நீரோடு போகும் என்பது ஆய்வகம் எதுவும் இன்றிக் கண்டறியப்பட்ட அறிவு.

குவாமில் 1950களில் ஒரு புதிர் இருந்தது. தசைகள் படிப்படியாகச் செயலிழந்து உயிரைப் பறிக்கும் ஒரு நரம்புநோய் அங்கே பிற நாடுகளைவிட 50 முதல் 100 மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது. நரம்பியல் ஆய்வாளர் லியோனார்ட் கர்லண்ட் அதைப் பதிவு செய்தார். உணவியலாளர் மார்ஜரி வைட்டிங் 1954இல் அங்கு சென்று மக்களோடு தங்கி, அவர்கள் எதை உண்கிறார்கள், எப்படிச் சமைக்கிறார்கள் என்று கவனித்தார். அவருடைய ஐயம் சைக்கஸ் மாவின்மீது விழுந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் நோய்க்கூற்றியலாளராக இருந்த கெர்ட் லாக்கர் அம்மாவை எலிகளுக்கு ஊட்டினார். அவர்கள் தேடியது நரம்புநோய். கிடைத்ததோ புற்றுநோய். எலிகளின் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றின; சிலவற்றின் குடலிலும் தோன்றின. லாக்கர், மிக்கெல்சன், வைட்டிங், கர்லண்ட் ஆகிய நால்வரும் 1963இல் இதை வெளியிட்டார்கள். குவாமின் நரம்புநோய்க்குக் காரணம் எது என்ற வாதம் அதன்பிறகும் பல பதிற்றாண்டுகள் நீண்டது, அது தனிக்கதை.

அந்தக் கட்டுரையின் தலைப்பில் மரத்தின் பெயர் சைக்கஸ் சர்சினாலிஸ் என்றே இருக்கிறது. குவாமின் மரம் வேறு இனம் என்று பிரித்து சைக்கஸ் மைக்ரோனேசிகா எனப் பெயரிட்டது 1994இல்தான். ஆகவே இக்கதையின் முதல் அத்தியாயம் முழுவதும் மேற்குத்தொடர்ச்சி மலையின் மரத்துப் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பழைய கட்டுரைகளைப் படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

நஞ்சின் பெயர் சைக்கசின். ஜப்பானிய வேதியியலாளர் நிஷிதாவும் உடன்பணியாற்றியவர்களும் 1955இல் அதைப் பிரித்தெடுத்திருந்தார்கள். ஒரு சர்க்கரை மூலக்கூறும், அதோடு கட்டுண்ட மெத்தில்அசாக்சிமெத்தனால் என்ற பகுதியும் சேர்ந்தது அது. சர்க்கரை பிணைந்திருக்கும்வரை தீங்கில்லை. இதை நிறுவ லாக்கர் செய்த சோதனை இன்று படிக்கும்போதும் வியப்புத் தருகிறது. குடலில் ஒரு பாக்டீரியாவும் இல்லாதபடி பிறப்பிலிருந்தே தனித்து வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அவர் சைக்கசினைக் கொடுத்தார். ஒன்றும் நேரவில்லை. நஞ்சு வந்த வழியே வெளியேறியது. 1967இல் அதே வகை எலிகளுக்குச் சர்க்கரை நீக்கிய பகுதியை நேரடியாகக் கொடுத்தபோது கட்டிகள் தோன்றின. பூட்டைத் திறந்தது எலியின் உடல் அன்று, அதன் குடலில் குடியிருந்த நுண்ணுயிரிகளின் நொதி. 'குடல் நுண்ணுயிரிகள்' பற்றி இன்று வாரம் ஒரு கட்டுரை வருகிறது. 1964இலேயே இச்செய்தி அச்சேறிவிட்டது.

அதே 1967இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஹெர்மன் ட்ரக்ரேயின் குழு ஒரு சிறு கட்டுரை வெளியிட்டது. 1,2-டைமெத்தில்ஹைட்ரசின் என்ற எளிய செயற்கைப் பொருளை எலிகளுக்குக் கொடுத்தால் குறிப்பாகக் குடலில் புற்றுநோய் உண்டாகிறது என்பதே அதன் செய்தி. இப்பொருள் உடலில் படிப்படியாக ஆக்சிஜனேற்றம் அடைந்து அசோமீத்தேன், அசாக்சிமீத்தேன் என்று மாறி, இறுதியில் மெத்தில்அசாக்சிமெத்தனாலாகிறது. சைக்கஸ் விதையிலிருந்து வெளிப்பட்ட அதே பொருள். மரம் செய்ததைத் தொழிற்சாலைப் புட்டி சுருக்கமாகச் செய்தது. விதையைத் தேடிப் போக வேண்டாம்; ஊசி போதும். உலகெங்கும் ஆய்வகங்கள் இதைக் கைக்கொண்டதற்கு இவ்வசதியே காரணம்.

மெத்தில்அசாக்சிமெத்தனால் நிலையற்றது. அது சிதையும்போது மெத்தில் தொகுதி ஒன்றை எதன்மீதேனும் ஏற்றிவிட்டுப் போகிறது. அது டி.என்.ஏ.வாக இருந்தால் அங்கே பழுது விழுகிறது. மட்சுமோட்டோவும் ஹிகாவும் 1966இல் இதைச் சோதனைக்குழாயில் காட்டினார்கள். ஷாங்க், மகீ இருவரும் 1967இல் உயிருள்ள எலிகளில் காட்டினார்கள். அப்போது எல்லோருடைய கவனமும் குவானைனின் ஏழாம் இடத்தில் ஏறும் மெத்தில்மீதே இருந்தது, ஏனெனில் மிகுதியாக ஏறுவது அங்கேதான், அளப்பதும் எளிது. 1969இல் ஆண்டனி லவ்லெஸ் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கட்டுரை அந்தக் கவனத்தைத் திருப்பிற்று. ஆறாம் இடத்து ஆக்சிஜனில் ஏறும் மெத்தில் அளவில் குறைவு. ஆனால் அதுவே ஆபத்தானது, ஏனெனில் அது எழுத்தின் உருவத்தை மாற்றுகிறது. மெத்தில் ஏறிய அந்தக் குவானைன், படியெடுக்கப்படும்போது சைட்டோசினோடு சேராமல் தைமினோடு சேர்கிறது. அடுத்த தலைமுறைப் படியில் அவ்விடத்தில் குவானைனுக்குப் பதில் அடினைன் நிலைத்துவிடுகிறது.

ஓலைச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இது அந்நியமான செய்தி அன்று. சுவடியில் புள்ளி இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். எகர ஏகார வேறுபாடு இல்லை. எழுதுபவன் ஓர் எழுத்தை மாற்றிப் படித்துப் படியெடுத்தால், அந்தப் படியிலிருந்து எடுக்கும் படியில் அது பிழையாகத் தெரியாது, பாடமாகிவிடும். பழுது விழுந்த கணம் வேறு, பழுது பாடமாகும் கணம் வேறு. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் திருத்துவோருக்கு வாய்ப்பு. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாள்களுக்கு ஒருமுறை முற்றும் புதுப்பிக்கப்படுபவை; இடைவிடாது படியெடுக்கும் கூடம் அது. அங்கே இந்த இடைப்பட்ட காலம் மிகக் குறுகியது.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. டைமெத்தில்ஹைட்ரசின் கொடுத்தபின் கல்லீரல், சிறுநீரகம், பெருங்குடல் ஆகியவற்றின் டி.என்.ஏ.வில் ஆறாம் இடத்து மெத்தில்குவானைனை ராஜர்ஸ், பெக் இருவரும் 1977இல் அளந்தார்கள். இப்பொருளால் கல்லீரலின் டி.என்.ஏ.வும் பெரிய அளவில் பழுதடைகிறது. அப்படியிருக்க, வாரந்தோறும் ஊசி பெறும் எலிக்குக் கட்டி பெரும்பாலும் குடலில் எழுவானேன்? பழுதின் அளவைக் கொண்டு மட்டும் இதற்கு விடை சொல்ல இயலவில்லை.

விடைக்கு அருகே கொண்டுசென்ற சோதனை குடலில் அல்ல, கல்லீரலிலேயே நடந்தது. லூயிஸ், ஸ்வென்பர்க் இருவரும் 1980இல் எலியின் கல்லீரலைப் பிரித்துப் பார்த்தார்கள். கல்லீரலின் முதன்மைச் செல்கள் ஒரு பக்கம்; இரத்தநாளங்களின் உட்சுவர்ச் செல்கள் முதலியவை மறுபக்கம். ஒரே உறுப்பு, ஒரே நஞ்சு. முதன்மைச் செல்கள் ஆறாம் இடத்து மெத்திலை விரைந்து நீக்கிவிட்டன. மற்றவற்றில் அது தேங்கிக் குவிந்தது. நீண்ட நாள் குறைந்த அளவில் இந்நஞ்சைப் பெறும் எலிகளுக்குக் கல்லீரலில் வருவது நாளங்களின் புற்றுநோயே. பழுது இரண்டு இடத்திலும் விழுந்தது. பழுது பார்க்காத இடத்தில் நோய் வந்தது. இந்தத் துறையின் ஆய்வுகளில் எனக்கு ஒன்றை மட்டும் மாணவர்களுக்குப் பாடமாக வைக்கும் உரிமை கிடைத்தால் இதையே வைப்பேன்.

மெத்திலை நீக்குவது எது என்பதும் அதே ஆண்டில் தெளிவாயிற்று. சுவீடனின் ஓல்சனும் தோமஸ் லிண்டாலும் பாக்டீரியாவில் அந்தப் புரதத்தின் செயலை விளக்கினார்கள். அது மெத்தில் தொகுதியை டி.என்.ஏ.விலிருந்து பற்றித் தன் உடலிலேயே, சிஸ்டைன் என்னும் அமினோ அமிலத்தின்மீது ஏற்றிக்கொள்கிறது. அத்தோடு அதன் பணி முடிந்தது. மீண்டும் அதைப் பயன்படுத்த முடியாது. ஒரு மூலக்கூறு, ஒரு பழுது. ஆய்வாளர்கள் 'தற்கொலை நொதி' என்று பெயர் சூட்டினார்கள். மனிதரிடம் இப்புரதத்தின் சுருக்கப்பெயர் எம்.ஜி.எம்.டி. கையிருப்பு தீர்ந்தபின் வரும் பழுதுகள் காத்திருக்க வேண்டியதுதான். புதிதாகப் புரதம் உருவாகும்வரை. வாரத்துக்கு ஒன்றாக 15 ஊசி என்ற முறை ஏன் இவ்வளவு உறுதியாகக் கட்டி எழுப்புகிறது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1995இல் ஜெய்தியும் கெர்சனும் அவர்தம் குழுவினரும் மனித எம்.ஜி.எம்.டி. மரபணுவைச் சுண்டெலிகளில் மிகுதியாகச் செயல்படவைத்து, அசாக்சிமீத்தேன் கொடுத்தார்கள். குடலின் நுண்குழிகளில் புற்றுநோய்க்கு முன்னோடியாகத் தோன்றும் மாறுபாடுகள் குறைந்தன; கே-ராஸ் மரபணுவில் குவானைன் அடினைனாகும் சடுதிமாற்றமும் குறைந்தது. எலிக்கதைதானே என்று ஒதுக்குவோருக்கு 2000இல் எஸ்டெல்லர் குழுவின் கட்டுரை விடை தந்தது. மனிதரின் பெருங்குடல் கட்டிகளில் எம்.ஜி.எம்.டி. மரபணு வாயடைக்கப்பட்டிருக்கும் இடங்களில் அதே வகைச் சடுதிமாற்றம் கே-ராஸில் மிகுந்து காணப்பட்டது.

இனிச் சிதம்பரத்துக்கு வருகிறேன். டைமெத்தில்ஹைட்ரசின் ஆய்வில் தமிழ்நாட்டின் பங்கு என்றால் முதலில் சொல்ல வேண்டியது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை. வி.பி.மேனன், என்.நளினி ஆகியோரும் அவர்களிடம் பயின்ற மாணவர்களும் 1990களிலிருந்து ஒரு நீண்ட வரிசை ஆய்வுகளைச் செய்தார்கள். 1998இல் நறுமணப் பொருள்கள் பற்றிய கட்டுரை. 2003இல் வெந்தயம். 2004இல் தேங்காய்ப் பிண்ணாக்கு. 2005இல் இஞ்சி. நம் அஞ்சறைப்பெட்டி ஒவ்வொன்றாக எலிக்கூண்டுக்குப் போயிற்று. இவற்றில் பல, குடல் பாக்டீரியாக்களின் நொதிச் செயல்பாட்டை அளந்தன. அதன் தர்க்கம் லாக்கரின் தர்க்கமே: கல்லீரலில் நஞ்சோடு ஒரு சர்க்கரை அமிலம் பிணைக்கப்பட்டுப் பித்தநீர் வழியே குடலுக்கு வரும் ஒரு பாதை உண்டு, அங்கே பாக்டீரியாவின் குளுக்குரோனிடேஸ் நொதி அப்பிணைப்பை அறுத்து நஞ்சை விடுவிக்கும், ஆகவே அந்நொதியை அடக்கும் உணவு குடலைக் காக்கக்கூடும். (இரத்தத்தின் வழியேயும் நஞ்சு குடலை அடைகிறது என்பதால் இது முழுக்கதை ஆகாது.) குவாமின் மரத்துக்கும் சிதம்பரத்தின் வெந்தயத்துக்கும் இடையே இப்படி ஒரு நேர்க்கோடு ஓடுகிறது. நம் ஆய்வேடுகளின் இலக்கிய மீளாய்வுப் பகுதிகளில் இந்தக் கோடு வரையப்பட்டிருந்தால் இளைஞர்கள் தாங்கள் எந்த வாதத்தில் பங்கேற்கிறோம் என்று அறிந்திருப்பார்கள்.

மாறாக, செய்தித்தாளில் வருவது 'இஞ்சி புற்றுநோயைத் தடுக்கும்' என்ற ஒற்றை வரி. இஞ்சி எந்த வாசலில் நின்று தடுத்தது என்பதே கேள்வி. ஊசி போட்ட காலத்திலேயே இஞ்சி கொடுத்திருந்தால், நஞ்சு செயல்நிலை அடையாதபடி அது தடுத்திருக்கலாம், அப்போது டி.என்.ஏ.வில் பழுதே குறைவாக விழுந்திருக்கும். 15 வாரம் கழித்துக் கொடுத்திருந்தால் பழுதெல்லாம் பாடமாகிப் போயிருக்கும்; இஞ்சி செய்ததெல்லாம் கட்டியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தியது மட்டுமே. 2005ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே தொடக்கநிலை, தொடக்கத்துக்குப் பிந்திய நிலை என்று பிரித்துச் சொல்கிறது. ஆய்வாளர்கள் கவனமாகவே இருந்தார்கள். கவனம் தவறியது கட்டுரைக்கு வெளியே.

டி.என்.ஏ. பழுதை நேரே எடுத்துக்கொண்ட கட்டுரை செங்கோட்டுவேலன், தீப்தா, நளினி ஆகியோர் 2009இல் வெளியிட்டது. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால், டைமெத்தில்ஹைட்ரசினால் விளையும் டி.என்.ஏ. பழுதைக் குறைக்கிறதா என்று எலிகளின் வெள்ளணுக்களில் காமெட் சோதனை செய்து பார்த்தார்கள். குறைக்கிறது என்பது முடிவு. காமெட் சோதனையின் இன்று வழங்கும் வடிவத்தை 1988இல் நரேந்திர சிங்கும் உடன்பணியாற்றியவர்களும் அளித்தார்கள். செல்லைக் கூழ்மத்தில் பதித்து, கரைத்து, காரக் கரைசலில் மின்புலம் செலுத்தினால், முறிந்த டி.என்.ஏ. துண்டுகள் வால்வெள்ளியின் வால்போல ஒருபுறம் நீளும். வால் நீண்டால் பழுது மிகுதி. எளிது, மலிவு, கண்ணுக்குத் தெரிவது. சிறு கல்லூரி ஆய்வகமும் செய்யக்கூடியது. இந்தியாவில் அது பரவியதில் வியப்பில்லை.

ஆனால் இந்தச் சோதனையைப் படிக்கக் கற்றுக்கொண்டபோது ஒரு மொழியியல் மாணவனுக்கு ஏற்பட்ட தடுமாற்றத்தைச் சொல்ல வேண்டும். வால் காட்டுவது முறிவை. ஆறாம் இடத்து மெத்தில் ஒரு முறிவன்று. அது ஏறிய இடத்தில் இழை அறுபடுவதில்லை. ஆகவே இக்கதையின் முதன்மைக் குற்றவாளி காமெட்டில் நேரே தோன்றுவதில்லை. அதற்கு மேல் ஒன்று. ஏழாம் இடம் முதலிய பிற இடங்களில் ஏறிய மெத்திலை நீக்க, செல் அந்த எழுத்தையே வெட்டியெடுத்து, இழையை ஓரிடத்தில் அறுத்து, புதிது வைத்துத் தைக்கிறது. அந்தத் தற்காலிக அறுப்பும் காமெட்டில் வாலாகவே தெரியும். அறுவைச் சிகிச்சை அறையில் எடுத்த படத்தை வெட்டுக்காயம் என்று படிப்பது போல. ஒரு வால் நீண்டிருந்தால் அது பழுதாகவும் இருக்கலாம், பழுது பார்த்தலாகவும் இருக்கலாம். வால் குறுகியிருந்தால் பழுது குறைந்தது என்றும் படிக்கலாம், பழுது பார்ப்போர் வேலையில் இல்லை என்றும் படிக்கலாம். வேறுபடுத்த ஒரு வழி காலம்: ஊசிக்குப் பின் சில மணி, பல மணி, சில நாள் என்று தொடர்ந்து அளந்தால் வால் எவ்வளவு விரைவில் சுருங்குகிறது என்று தெரியும். மற்றொரு வழி, எம்.ஜி.எம்.டி. அளவையும் ஆறாம் இடத்து மெத்தில்குவானைனையும் குடலின் செல்களிலேயே நேரே அளப்பது. 30 வாரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தத்திலிருந்து எடுக்கும் அளவு, நெடுநாள் ஆகிவிட்ட ஒரு விபத்தின் இடத்தைச் சென்று பார்ப்பதற்கு ஒப்பாகும். அதிலும் தகவல் உண்டு. ஆனால் வேறு தகவல்.

இது சிதம்பரத்தின் மீதான குறை அன்று. மலிவான கருவி எதை அளக்க இடம் தருகிறதோ அதையே துறை முழுவதும் அளக்கும். ஐரோப்பாவில் ஏழாம் இடத்து மெத்திலை எல்லோரும் அளந்துகொண்டிருந்ததும் இதே காரணத்தால்தான். கதிரியக்க மூலக்கூறுகளும் நுட்பமான பிரித்தறி கருவிகளும் இல்லாத இடத்தில் லூயிஸ்-ஸ்வென்பர்க் வகைச் சோதனை எளிதன்று. ஆயினும் நம் ஆய்வேடுகளில் 'டி.என்.ஏ. பழுது' என்ற இயல்கள் பெருகியிருக்க, 'பழுது பார்த்தல்' என்ற இயல் அரிதாகவே இருப்பதை வரலாறாகப் பதிவு செய்வது தேவை என்று கருதுகிறேன்.

புணேயின் இடம் இங்கு வருகிறது. 1980களின் பிற்பகுதியில் விலங்குத் திசு மற்றும் செல் வளர்ப்புக்கான தேசிய வசதியாகத் தொடங்கி, பின்னர் தேசிய செல் அறிவியல் மையம் என்று பெயர் பெற்ற நிறுவனம் இந்நகரின் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. நாடெங்குமுள்ள ஆய்வகங்களுக்குச் செல்வரிசைகளை வழங்குவது அதன் பணிகளுள் ஒன்று. பெருங்குடல் புற்றுநோய்க்கு நம் மாணவர்கள் பெரும்பாலும் கேட்பவை எச்.டி.-29, எச்.சி.டி.-116. இரண்டும் அமெரிக்க நோயாளிகளின் கட்டிகளிலிருந்து வந்தவை. இரண்டையும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று எனப் பயன்படுத்துவதைக் காண்கிறேன். ஆனால் பழுது பார்த்தலைப் பொறுத்தவரை இவை எதிரெதிர்க் கட்சிகள். எச்.சி.டி.-116இல் எம்.எல்.எச்.1 மரபணு கெட்டிருக்கிறது. பொருந்தா இணைகளைக் கண்டு திருத்தும் அமைப்பு அதில் இயங்குவதில்லை. எச்.டி.-29இல் இயங்குகிறது.

அந்த அமைப்பு செய்வது என்ன? மெத்தில் ஏறிய குவானைனுக்கு எதிரே தைமின் அமர்ந்தால், பொருத்தமில்லை என்று அது கண்டுகொள்கிறது. ஆனால் திருத்துவது புதிய படியை, மூலத்தை அன்று. தைமினை நீக்குகிறது. மூலத்தில் பழுது அப்படியே இருப்பதால் மீண்டும் தைமினே வந்து அமர்கிறது. மீண்டும் நீக்குகிறது. கெட்ட மூலத்தை வைத்துக்கொண்டு நல்ல படியைத் திருத்திக்கொண்டே இருக்கும் பதிப்பாசிரியரின் நிலை. முடிவில் செல் இறந்துபோகிறது. உடலுக்கு அதுவே நன்மை. இவ்வமைப்பு இல்லாத எச்.சி.டி.-116 அதே நஞ்சைப் பொருட்படுத்தாமல், பிழையோடு பிழைத்துப் பெருகுகிறது. 1994இல் கோய் முதலியோர் இச்செல்லுக்குள் மனிதரின் மூன்றாம் குரோமோசோமைச் செலுத்தியதும் திருத்தும் திறன் மீண்டது. நஞ்சைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. பரம்பரையாக வரும் ஒருவகைப் பெருங்குடல் புற்றுநோய்க்கு இந்தத் திருத்தமைப்பின் மரபணுக்கள் கெடுவதே காரணம் என்பது அதற்கு முந்திய ஓராண்டுக்குள்தான் வெளிவந்திருந்தது. ஆகவே, 'இந்த மூலிகைச் சாறு எச்.சி.டி.-116 செல்லின் டி.என்.ஏ.வைக் காத்தது' என்று எழுதும் முன், காக்கும் கருவிகளுள் ஒன்றை முன்பே இழந்த செல் அது என்பதை எழுத வேண்டும்.

பதிப்பாசிரியர் உவமையை நான் வலிந்து கொண்டுவரவில்லை. இந்நகரில் அது தானே வந்து நிற்கும். பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் 1919இல் தொடங்கி 1966 வரை நடந்த மகாபாரத ஒப்பாய்வுப் பதிப்புப் பணி இங்கிருந்து நடக்கும் தொலைவுதான். சுக்தாங்கரும் அவருக்குப் பின் வந்தோரும் எதிர்கொண்ட கேள்வியும் எது பழுது, எது பாடம், எந்தப் படியை நம்பித் திருத்துவது என்பதே.

இறுதியாக, நான் தொடங்கிய சொல். 'ரிப்பேர்' என்பதற்குச் 'செப்பனிடல்', 'சீரமைப்பு', 'பழுது நீக்கம்' என்று பலவாறு எழுதுகிறார்கள். புணேத் தெருக்களில் இருசக்கர வண்டிக் கடைகளின் பலகையில் 'துருஸ்தி' என்றிருக்கும். பாரசீகத்திலிருந்து மராத்திக்கு வந்தது, 'சரியானதாக்கல்' என்று பொருள். அதன் கண் விளைவின்மேல். தமிழின் பழைய சொல் 'பழுது பார்த்தல்'. வைத்தியம் பார்த்தல், கணக்குப் பார்த்தல் என்பவற்றில் உள்ள அதே 'பார்'. இச்சொல் நேராக்கிவிட்டதாக உறுதி கூறுவதில்லை. பழுதைக் கண்டு அதன் அருகே இருந்து கவனிப்பதை மட்டும் சொல்கிறது. எம்.எல்.எச்.1 அமைப்பு கெட்ட மூலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து தோற்பதும் பழுது பார்த்தல்தான்; அதைச் 'சீரமைப்பு' என்றால் பொருள் கெடும். கலைச்சொல் அகராதிப் பணியில் இருக்கும் நண்பர்கள் இதைக் கருதிப்பார்க்க வேண்டுகிறேன். 'டி.என்.ஏ. பழுது', 'டி.என்.ஏ. பழுது பார்ப்பு' என்று இணையாக வைத்தால், முதலாவதை மட்டும் அளந்துவிட்டு இரண்டாவதைப் பற்றி முடிவு கூறும் வாக்கியம் எழுதும்போதே உறுத்தும்.

பெருங்குடல் மாதிரிகளில் நேர இடைவெளி விட்டுக் காமெட் அளந்த ஆய்வேடு எதுவும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருப்பது யாருக்கேனும் தெரிந்தால் பின்னூட்டத்தில் குறிப்பிடுங்கள். மதனகாமப்பூ மரத்துக்கு உங்கள் ஊரில், குறிப்பாக நீலகிரி, குமரி, தென்காசிப் பக்கங்களில், வேறு பெயர் வழங்கினாலும் எழுதுங்கள்; விதையை எத்தனை நாள் ஊறவைப்பார்கள் என்பதையும் சேர்த்து.